பழைய பென்ஸும் தில்லியின் புகையும்

2025 ஜூலை முதல் வாரத்தில் தலைநகரின் நாளிதழ்களில் வெளியான ஒரு செய்தி பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. 2015-இல் 84 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்றை அதன் உரிமையாளர் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார் என்பதுதான் அந்தச் செய்தி. கார் விபத்தில் சிக்கவில்லை. என்ஜின் பழுதடையவில்லை. அது செய்த ஒரே குற்றம், அதற்குப் பத்து வயது நிறைந்ததுதான். டீசலில் ஓடும் கார், தில்லியில் பத்து ஆண்டுகளைக் கடந்தால் 'ஆயுள் முடிந்த வாகனம்'. அந்த ஜூலை 1 முதல் அத்தகைய வாகனங்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது.

தில்லியில் உயிரற்றதாக அறிவிக்கப்படும் ஒரு கார், தடையில்லாச் சான்று என்ற ஒற்றைத் தாளோடு மாநில எல்லையைத் தாண்டியதும் மறுபிறவி எடுக்கிறது. கரோல் பாக் கடைவீதியில் வரிசைகட்டி நிற்கும் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி கார்களை வாங்கிச் செல்ல நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோவில் அருகே, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் பி.எம்.டபிள்யூ ஆலையிலிருந்து தில்லிக்கு அனுப்பப்பட்ட கார், பத்தாண்டு கழித்து ஐந்தில் ஒரு பங்கு விலைக்குத் தமிழகத்துக்கே திரும்பி வருவதும் சாத்தியம்தான்.

இது நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த வரமா? வாங்குபவரின் கணக்கில் பார்த்தால், சில நிபந்தனைகளோடு, ஆம். ஆனால், இந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

முதலில் வாங்குபவரின் கணக்கைப் பார்ப்போம். சொகுசு காரின் விலை ஏன் இப்படி வீழ்கிறது? தரம் குறைவு என்பதால் அல்ல. புதிய காரின் விலையில் கணிசமான பகுதி, காருக்கே சம்பந்தமில்லாதது. 2025 செப்டம்பர் 21 வரை பெரிய எஸ்.யு.வி. வகைக் கார்களின் மீது 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத இழப்பீட்டு வரியும் சேர்ந்து 50 சதவீதம் விதிக்கப்பட்டது. அதற்கு மேல் மாநிலத்தின் ஆயுட்கால சாலை வரி. இவையெல்லாம் முதல் உரிமையாளர் கட்டிய பணம். இரண்டாவது முறை விற்கும்போது அதைத் திருப்பித் தர யாரும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இழப்பீட்டு வரி நீக்கப்பட்டு, பெரிய கார்களுக்கு 40 சதவீதம் என்ற ஒரே விகிதம் வந்தது. புதிய காரின் விலை இறங்கியபோது, பழைய காரின் விலையும் அதனுடன் சேர்ந்து இறங்கியது இயல்பே.

இரண்டாவது காரணம், முதல் உரிமையாளர்களில் பலர் தனிமனிதர்கள் அல்ல, நிறுவனங்கள். வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். 50 லட்சம் ரூபாய்க்கு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார், ஐந்தாண்டு முடிவில் ஏட்டில் ஏறத்தாழ 22 லட்சமாகச் சுருங்கிவிடும். மீதி 28 லட்சம் செலவாகக் கழிக்கப்பட்டு, அந்த அளவுக்கு வரி குறைகிறது. நான்கைந்து ஆண்டு ஓட்டிவிட்டு அடுத்த காருக்கு மாறுவது அவர்களுக்குச் சிக்கனம். அவர்கள் விற்கும் விலை குறைவாக இருப்பதற்கு, வரி செலுத்தும் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கை ஏற்கெனவே செலுத்தியிருக்கிறோம் எனலாம்.

மூன்றாவது காரணம் பராமரிப்புச் செலவு குறித்த அச்சம். இந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சொகுசு கார் அந்தப் பழமொழியைத் தலைகீழாக்குகிறது. இறந்தால் இரண்டரை லட்சம். இருந்தால்தான் ஆயிரம் பொன் தீனி கேட்கும். காரின் விலை பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். அதன் கியர் பாக்ஸின் விலையோ, ஏர் சஸ்பென்ஷனின் விலையோ குறைவதில்லை. 60 லட்ச ரூபாய் காரின் உதிரிபாகத்தை எட்டு லட்ச ரூபாய் கார் வைத்திருப்பவரும் அதே விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும்.

எனவே, எந்தக் காரை வாங்குவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன. ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய வண்டியைவிட, சாதாரண எஃகுச் சுருள்வில் கொண்ட பென்ஸ் சி-கிளாஸ், இ-கிளாஸ் போன்றவை நம் சாலைகளுக்கு ஏற்றவை. 2007-க்கும் 2011-க்கும் இடையில் வந்த பி.எம்.டபிள்யூ நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின்களில் டைமிங் செயின் தேய்ந்து அறுந்துபோகும் குறை உலகெங்கும் அறியப்பட்டது. அந்தச் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி இருப்பதால் அதை மாற்றுவது பெரிய வேலை. மாற்றியதற்கான ரசீது இல்லாத காரைத் தொடாமலிருப்பதே நல்லது. தானியங்கி கியர் பாக்ஸின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, முன் சக்கரத்தின் ஆர்ம்களும் புஷ்களும் எந்த நிலையில் உள்ளன, டயர்களின் தயாரிப்பு ஆண்டு எது என்பவை இருக்கைகளின் தோலையும் மேற்கூரைக் கண்ணாடியையும்விட முக்கியமானவை.

சின்னத்தின் மோகம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பெங்களூரு அருகே பிடதியில் தயாரான டொயோட்டா கேம்ரி, 2008 முதல் 2013 வரை விற்பனையான ஹோண்டா அக்கார்டு போன்ற பெட்ரோல் கார்கள் அந்தஸ்தில் ஒரு படி கீழே இருக்கலாம். ஆனால், அகன்ற இருக்கை, அமைதியான என்ஜின், நீண்ட ஆயுள் ஆகிய மூன்றும் அவற்றில் உண்டு. சாதாரண மெக்கானிக்கும் கைவைக்கக் கூடிய வண்டிகள் அவை. 'பழைய சொகுசு கார்' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தருபவை இவையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பணிமனையிலும் அடிக்கடி பார்க்க நேராது.

பணக் கணக்கில் ஓர் எளிய விதியைச் சொல்லலாம். பத்தாண்டு கடந்த ஜெர்மானியக் காரை எட்டு லட்சத்துக்கு வாங்குபவர், கையில் பத்தரை லட்சமாவது வைத்திருக்க வேண்டும். மீதமுள்ள தொகையை முதல் ஆண்டிலேயே கார் கேட்கக்கூடும். கேட்காவிட்டால் அது அதிர்ஷ்டம். காப்பீட்டிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. தேய்மானம் கழிக்காமல் முழு இழப்பீடு தரும் பாலிசிகள் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு உட்பட்ட கார்களுக்கே கிடைக்கின்றன. ஒரு முகப்பு விளக்கு உடைந்தாலே அதன் விலையில் பெரும்பகுதி உரிமையாளர் தலையில் விழும்.

என்ஜினைவிட அதிகம் சோதிக்க வேண்டியவை ஆவணங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேறு மாநிலப் பதிவு எண் கொண்ட வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய மாநிலத்தில் பதிவு செய்தாக வேண்டும். தில்லிப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான வங்கிச் சான்று, காரின் வயதைக் கணக்கிட்டு விதிக்கப்படும் தமிழக ஆயுட்கால வரி ஆகியவை எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதே கார் வெளிநாட்டிலிருந்து முழுமையாக இறக்குமதியானதாக இருந்தால் 40,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிக்கையின்படி, 20 ஆண்டைக் கடந்தால் இவை முறையே 10,000 ரூபாயாகவும் 80,000 ரூபாயாகவும் ஆகின்றன. சொகுசு கார் வாங்குவோர், அது இங்கே பொருத்தப்பட்டதா, இறக்குமதியானதா என்று கேட்டறிய வேண்டியதன் காரணம் இதுதான்.

இறக்குமதியான பழைய வண்டி என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை மேற்கொண்ட சோதனைகளில், பூடானிலிருந்து கடத்தப்பட்டு, போலி ஆவணங்களால் வடமாநிலங்களில் பதிவு செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட விலையுயர்ந்த வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அதற்கு முன்பு 2017-இல், வரியை மிச்சப்படுத்துவதற்காகப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்யப்பட்ட சொகுசு கார்கள் குறித்துக் கேரளத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. இரண்டிலும் பாடம் ஒன்றுதான். மலிவுக்குக் காரணம் தெரியாத காரை வாங்கக் கூடாது.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பெயர் மாற்றம் ஆகும்வரை, விபத்து நேர்ந்தால் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருடையதே என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் - விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை அருகே வெடித்த கார், பல கை மாறிய பழைய கார் என்பது விசாரணையில் தெரிய வந்தபோது, இந்த அலட்சியத்தின் ஆபத்தை நாடே உணர்ந்தது. பழைய வாகன வணிகர்கள் பதிவு பெற்றே தொழில் நடத்த வேண்டும், விற்பனைக்கு ஒப்படைக்கப்பட்ட வாகனத்தின் விவரத்தைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரல் முதலே நடைமுறையில் உள்ளன. விதிக்குப் பஞ்சமில்லை. அதைக் கேட்டுப் பெறும் வாங்குபவர்தான் தேவை.

இதுவரை சொன்னது தனிமனிதரின் கணக்கு. இனி நாட்டின் கணக்குக்கு வருவோம்.

தில்லியின் வயது வரம்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து பிறந்ததல்ல. 2014 நவம்பரிலும் 2015 ஏப்ரலிலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவுகள் அதன் தோற்றுவாய். முதலாவது, 15 ஆண்டு கடந்த வாகனங்கள் அனைத்தையும் தடுத்தது. இரண்டாவது, டீசல் வாகனங்களுக்கு 10 ஆண்டு என வரையறுத்தது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால், அடுத்த ஆறேழு ஆண்டுகள் உத்தரவு பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. 2025 ஏப்ரலில் காற்றுத் தர மேலாண்மை ஆணையம், ஜூலை 1 முதல் எரிபொருள் தரக் கூடாது என்று ஆணையிட்டது. பெட்ரோல் நிலையங்களில் பதிவு எண்ணைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. மூன்றே நாளில் தில்லி அரசு பின்வாங்கி ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. ஜூலை 8-இல் ஆணையம் தேதியை நவம்பர் 1-க்குத் தள்ளி வைத்தது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வாகனங்களுக்கு மட்டுமே என்று திருத்தியது.

ஒரே ஆண்டில் இத்தனை திருப்பங்கள். ஜூலையில் அஞ்சி இரண்டரை லட்சத்துக்கு விற்றவர், ஆறு வாரம் பொறுத்திருந்தால் அவ்வளவு விலை இறக்கியிருக்க வேண்டியதில்லை. வாங்கியவருக்கு அடித்தது யோகம். ஒரு குடிமகனின் சொத்தின் மதிப்பு, அடுத்த விசாரணைத் தேதியைப் பொறுத்து ஏறி இறங்குவது நல்லாட்சிக்கு அடையாளமாகாது. தில்லியின் பழைய கார் சந்தையில் கிடைக்கும் 'நல்ல பேரம்' என்பதில் ஒரு பகுதி, அரசின் குழப்பத்தை முன்னவர் செலுத்திய விலையாகக் கணக்கிட்டு வாங்கியதுதான்.

ஆனால், இந்தக் கதையில் பென்ஸ் உரிமையாளருக்காக மட்டும் கண்ணீர் விடுவது நியாயமாகாது. ஆயுள் முடிந்தவையாகத் தில்லியில் கணக்கிடப்பட்ட வாகனங்கள் ஏறத்தாழ 62 லட்சம். அவற்றில் 41 லட்சம் இருசக்கர வாகனங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்தான். இவற்றை வைத்திருப்பவர்கள் சீலம்பூரிலும் சங்கம் விகாரிலும் வாழும் தையல்காரர்கள், மின் பணியாளர்கள், பொருள் விநியோகிப்பவர்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இவர்கள் முகம் தெரியவில்லை. 84 லட்சம் இரண்டரை லட்சமானது தலைப்புச் செய்தியாயிற்று. பிழைப்புக்கான ஒரே ஸ்கூட்டர் பழைய இரும்பு விலைக்குப் போவது செய்தியாகவில்லை.

டிசம்பர் 17 உத்தரவின் விளைவை இந்தக் கோணத்தில் எவரேனும் கவனித்தார்களா என்று தெரியவில்லை. தில்லியில் கார்களுக்கு பிஎஸ்-4 தரம் 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆகவே, 2010-க்குப் பிறகு தில்லியில் வாங்கப்பட்ட டீசல் பென்ஸ், பத்து வயதைத் தாண்டியிருந்தாலும் உத்தரவின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். இருசக்கர வாகனங்களுக்கோ, பிஎஸ்-3 விற்பனை முற்றாக நிறுத்தப்பட்டது 2017 ஏப்ரலில்தான். இன்று 15 வயதைக் கடந்து நிற்கும் ஸ்கூட்டர்கள் பிஎஸ்-3 அல்லது அதற்கும் முந்தையவை. அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்தின் நோக்கம் புகையைத் தரம் பிரிப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால், கைகளில் கிடைத்த அளவுகோல், நடைமுறையில் சொகுசு காரை உள்ளே விட்டு ஸ்கூட்டரை வெளியே நிறுத்துகிறது.

அதற்காக, பழைய டீசல் கார்கள் அப்பாவிகள் என்று வாதிடவும் முடியாது. பிஎஸ்-4 தர டீசல் கார், கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் நுண்துகள் வெளியிட அனுமதிக்கப்பட்டிருந்தது. பிஎஸ்-6 தரத்தில் அது நாலரை மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடின் அளவு 250-லிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டப்படியே ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் மோசடி, சோதனைக் கூடத்தில் காட்டும் அளவும் சாலையில் கக்கும் புகையும் ஒன்றல்ல என்பதை உலகுக்கு உணர்த்தியது. அந்தக் குழுமத்தின் ஆடி, ஸ்கோடா கார்கள் உள்பட மூன்று லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டன. 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பழைய ஆடி டீசல் வாங்குவோர், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பது தங்கள் நுரையீரலுக்கும் அண்டை வீட்டாரின் நுரையீரலுக்கும் செய்யும் உதவி.

நம்மைச் சுடும் கேள்வி இதுதான். தில்லியின் காற்றுக்கு ஆகாத கார், சேலத்தின் காற்றுக்கு ஆகுமா? 2016 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம், வெளியேற்றப்படும் டீசல் வாகனங்களுக்கு, வாகன அடர்த்தி குறைந்த பகுதிகளாக மாநிலங்கள் அடையாளம் காணும் இடங்களுக்கு மட்டும் தடையில்லாச் சான்று தரலாம் என்றது. அடர்த்தி குறைந்த ஊர் என்பதன் பொருள், இன்னும் கெட்டுப்போகாத காற்று உள்ள ஊர் என்பதுதான். தலைநகரின் குப்பையைக் கொட்ட இடம் தேடும் மனநிலை இது. மேலைநாடுகளின் பழைய கார்கள் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுவதைக் கண்டிக்கும் நாம், நம் நாட்டுக்குள்ளேயே ஓர் ஆப்பிரிக்காவை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். வண்டி இடம் மாறுவதால் புகை குறைவதில்லை; முகவரிதான் மாறுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் நசுக்கி இரும்பாக்கிவிடலாமா? அதுவும் அறிவுடைமை ஆகாது. பிரதமரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான சிறப்புப் பாதுகாப்புக் குழு, தன்னிடமிருந்த மூன்று கவச டீசல் வாகனங்களின் பதிவை நீட்டிக்கக் கோரிப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகியது. ஒன்பது ஆண்டுகளில் அவற்றில் அதிகமாக ஓடியதே ஏறத்தாழ 15 ஆயிரம் கிலோமீட்டர்தான். 2024 மார்ச்சில் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. விதியைப் பிரதமரின் வாகனத்துக்கும் தளர்த்தாதது பாராட்டத்தக்கதே. ஆனால், 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வாடகை வண்டியையும் பிறந்த தேதியை வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது எவ்வகையில் அறிவியல்? ஒரு காரைத் தயாரிக்கும்போதே ஏராளமான எஃகும் அலுமினியமும் ஆற்றலும் செலவாகிவிடுகின்றன. நன்றாக இயங்கும் ஒன்றை அழித்துப் புதியது வாங்குவதும் சுற்றுச்சூழலுக்கு இலவசம் அல்ல.

வழி என்ன? வயதை அளக்காமல் புகையை அளப்பதே வழி. அதற்கு இன்றைய மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று போதாது. டீசல் வண்டியில் அது புகையின் கருமையை மட்டும் பார்க்கிறது. நுண்துகளின் எடையையோ நைட்ரஜன் ஆக்சைடையோ அது அளப்பதில்லை. காரே வராமல் சான்று கிடைக்கும் இடங்கள் இந்நாட்டில் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். 2021 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில் வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்தபோது, வயதுக்குப் பதிலாகத் தகுதிச் சோதனையே அடிப்படை என்றுதான் அதன் வரைவு அமைந்திருந்தது. அதன்படி, மனிதக் கை படாத தானியங்கிச் சோதனை நிலையங்கள் நாடெங்கும் வந்திருக்க வேண்டும். அவற்றைக் கட்டாயமாக்கும் தேதிகள்தான் தள்ளிப் போயின. நாட்டுக்கு ஒரு கொள்கை, தலைநகருக்கு ஒரு கொள்கை என்ற இரட்டை நிலை இன்னமும் நீடிக்கிறது.

இதற்கு விடை காண வேண்டிய இடம் நாடாளுமன்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, வாகனத்தின் ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தெளிவாக வழங்கியிருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தில்லிக்கென்று உரிய ஆய்வோடு பயன்படுத்தாமல், தீர்ப்பாயமும் நீதிமன்றமும் முடிவெடுக்கட்டும் என்று அரசுகள் ஒதுங்கிக்கொண்டன. கசப்பு மருந்தை நீதிபதி கொடுத்தால் ஓட்டுக்கு நஷ்டமில்லை என்ற கணக்கு அது. இதில் இன்றைய ஆளுங்கட்சி, நேற்றைய ஆளுங்கட்சி என்ற பேதம் இல்லை.

கடந்த 2025 குளிர்காலக் கூட்டத்தொடரில் நடந்ததை நினைவுகூர்வது பொருத்தம். டிசம்பர் தொடக்கத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் காற்று மாசைக் கண்டித்து, சிலர் முகக் கவசம் அணிந்து, நாடாளுமன்ற வளாகத்தில் போராடினர். விவாதத்துக்கு அரசும் இசைந்தது. காங்கிரஸின் பிரியங்கா காந்தி, பாஜகவின் பாஞ்சுரி ஸ்வராஜ், திமுகவின் கனிமொழி ஆகியோர் பெயரில் விவாதம் பட்டியலிடப்பட்டது. நாள், டிசம்பர் 18. உச்ச நீதிமன்றம் பழைய வாகனங்கள் குறித்துத் திருத்த உத்தரவு பிறப்பித்ததற்கு மறுநாள். அவையில் வேறொரு மசோதா மீதான அமளியில் அந்த விவாதம் நடைபெறவே இல்லை. 19-ஆம் தேதி அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. வெளியே காற்றின் தரம் எந்த நிலையில் இருந்தது என்பதை, அவைக்கு வந்து சென்ற ஒவ்வொரு உறுப்பினரின் தொண்டையும் அறியும்.

அந்த விவாதம் நடந்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. நாடு முழுவதற்கும் புகையை அடிப்படையாகக் கொண்ட ஒரே தகுதிச் சோதனை எப்போது வரும்? சோதனையில் தோற்ற வாகனத்துக்கு வேறு மாநிலத் தடையில்லாச் சான்று தருவது எப்போது நிறுத்தப்படும்? ஒரே ஸ்கூட்டரை இழக்கும் தொழிலாளிக்கு, புதிய மின்சார வண்டி வாங்க அரசு கைகொடுக்குமா, அல்லது சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி என்ற சலுகையோடு கைகழுவுமா? இரண்டாவது கார் வாங்கப் பணம் உள்ளவருக்கு மட்டுமே அந்தச் சலுகை பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தமிழகமும் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்திலிருந்து வரும் பத்தாண்டு கடந்த டீசல் வாகனத்தை இங்கே பதிவு செய்யும் முன், முறையான புகைச் சோதனையை நிபந்தனையாக்குவது பற்றி மாநில அரசு ஆராயலாம். நல்ல நிலையில் உள்ள கார் அதில் தேறிவிடும். தேறாத கார் எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

பழைய பொருளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது நம் பாட்டன் காலத்துப் பண்பாடு. ஒரு நல்ல பென்ஸ் காரை இருபது ஆண்டு ஓட்டுவதில் தவறேதும் இல்லை. அதை வாங்க விரும்பும் வாசகர் தாராளமாக வாங்கலாம். என்ஜின், ஆவணம், கைச் செலவுக்குப் பணம் ஆகிய மூன்றையும் சரிபார்த்துக்கொண்டு வாங்கலாம். ஆனால், விலைச்சீட்டில் எழுதப்படாத ஒரு தொகையும் அந்தக் காரோடு வருகிறது. அதை வாங்குபவரும் செலுத்துவதில்லை, விற்றவரும் செலுத்துவதில்லை. சாலையோரம் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மூச்சோடு சேர்த்துச் செலுத்துகிறது. அந்தத் தொகையைக் கணக்கிட்டுச் சட்டமாக்குவதற்காகத்தான் 543 பேரைத் தேர்ந்தெடுத்து மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். அந்தக் கணக்கை இன்னும் எத்தனை குளிர்காலங்களுக்கு நீதிமன்றத்திடமே விட்டுவைக்கப் போகிறார்கள்?